மாத்தேரான் மட்டக்குதிரை: குறும்பும் பிழைப்பும்

மும்பைக் குழந்தைகளின் கோடை விடுமுறைக்கு நாயகன் இந்த நாலு கால் சாமர்த்தியசாலி. பேட்டரி ரிக்ஷா வந்தபின் அதன் இடம் கேள்விக்குறியாகியிருக்கிறது.

தஸ்தூரி நாக்காவோடு கார்களின் ஆட்டம் முடிகிறது. அதற்கு மேல் மாத்தேரான் ஊருக்குள் போக வேண்டுமானால் நடக்க வேண்டும், குட்டி ரயிலைப் பிடிக்க வேண்டும், அல்லது வரிசையாக நிற்கும் மட்டக்குதிரைகளில் ஒன்றின் முதுகில் ஏற வேண்டும். மே மாத வெயிலுக்குத் தப்பி மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் வரும் குடும்பங்களில் பிள்ளைகள் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெற்றோருக்குப் பயம். பிள்ளைக்குப் பரவசம். மட்டக்குதிரைக்கு இரண்டும் இல்லை. அது தன் கணக்கைப் போட ஆரம்பித்துவிடுகிறது.

கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கை இறுக்கமா, தளர்வா? கால்கள் விலாவை ஒட்டியிருக்கின்றனவா, அந்தரத்தில் தொங்குகின்றனவா? உட்கார்ந்திருப்பவர் நேராக இருக்கிறாரா, பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு குப்புறச் சாய்ந்திருக்கிறாரா? ஓர் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டும் பிராணி அது. முதுகில் இருப்பவர் புது ஆளா, பழகிய ஆளா என்று கண்டுபிடிக்க அதற்கு அதிக நேரம் ஆவதில்லை. புது ஆள் என்று முடிவானால் பத்தடி நடக்கும். பிறகு பாதையோரத்துப் புல்லுக்குத் தலை தாழும். கடிவாளத்தை விடாமல் பிடித்திருக்கும் பையனும் கூடவே முன்னால் சரிவான். பக்கத்தில் வரும் குதிரைக்காரர் நாக்கால் 'ச்ச்' என்று ஓர் ஒலி எழுப்புவார். ஒன்றுமே நடக்காததுபோல் தலை நிமிர்ந்துவிடும். வாயில் மட்டும் ஒரு கொத்துப் புல் இருக்கும்.

மட்டக்குதிரையின் வித்தைகளில் இது அரிச்சுவடி மட்டுமே. சேணம் கட்டும்போது வயிற்றைச் சுற்றிப் பட்டையை இறுக்குவார்கள். அனுபவசாலியான மட்டக்குதிரை அப்போது உடம்பை விறைத்து விலாவை உப்ப வைத்துக்கொள்ளும். கட்டி முடித்து நாலடி நடந்தால் உடம்பு தளரும், பட்டை லொடலொடவென்று ஆகும். இது தெரிந்த குதிரைக்காரர்கள் முதல் தடவை இறுக்கியதோடு விடமாட்டார்கள். சிறிது தூரம் நடக்கவிட்டு, மறுபடி ஒருமுறை இறுக்கிய பிறகே ஆளை ஏற்றுவார்கள். சில குதிரைகள் கட்டுத்தறி முடிச்சை உதட்டாலும் பல்லாலும் நெருடி அவிழ்த்துவிடும். சில, பயணியின் சட்டைப் பையில் மூக்கை நுழைத்து வெல்லக் கட்டியோ கேரட்டோ உண்டா என்று சோதனை போடும். போகும்போது ஆமை, திரும்பும்போது அம்பு என்பது அநேகமாக எல்லாக் குதிரைகளுக்கும் பொது. லாயம் எந்தப் பக்கம், கொள்ளுப் பை எந்த நேரத்துக்கு என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி.

மணலையோ புழுதியையோ கண்டால்தான் ஆபத்து. முன்னங்காலால் தரையைப் பறிக்கத் தொடங்கினால் அடுத்து முழங்கால் மடங்கும், முதுகைத் தரையில் தேய்த்துப் புரளும். முதுகில் ஆள் இருப்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. கால் பறித்ததுமே நடையைக் கூட்டி ஓட்டிவிட வேண்டும் என்பது குதிரைக்காரர்களின் பாலபாடம்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையைச் சுற்றி வந்தவர்களுக்கு இந்தச் சேட்டைகள் புதிதல்ல. ஆனால் அங்கெல்லாம் குதிரைச் சவாரி பொழுதுபோக்கு. மாத்தேரானில் அதுதான் போக்குவரத்து. சேத்தக், ராஜா, பாதல் என்று பெயர் சூட்டப்பட்ட குதிரைகள் விருந்தினரைச் சுமக்கின்றன. வேறு சில, பெயரில்லாமலேயே மளிகை மூட்டைகளையும் சமையல் எரிவாயு உருளைகளையும் சுமக்கின்றன.

மட்டக்குதிரை என்றால் குதிரைக் குட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. குட்டி அல்ல, முழுதாக வளர்ந்த குள்ளக் குதிரை. உலகெங்கும் பொதுவாக ஏற்கப்படும் கணக்கின்படி, தோள் மேட்டில் 58 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 147 சென்டிமீட்டருக்கு மேற்படாதவை மட்டக்குதிரைகள். குட்டைக் கால், பருத்த வயிறு, அடர்ந்த பிடரி. கொஞ்சம் தீனியில் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் சாமர்த்தியமும் உண்டு. இந்தியாவில் மணிப்புரி, ஸ்பிதி, ஜான்ஸ்கரி, பூட்டியா என்று மலைப்பகுதி வகைகள் பிரசித்தம். தக்காணத்தில் மராட்டியப் படைகள் மலைப்பாதைகளில் மின்னலாய் மறைந்து தோன்றியதில் இங்குள்ள சிறிய, உரமான குதிரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பீமா நதிப் பள்ளத்தாக்கின் பீம்தடி அந்த மரபில் வந்தது.

இந்தக் குறும்புக்குப் பின்னால் உண்மையிலேயே புத்தி இருக்கிறதா, அல்லது பிள்ளைகள் மீதுள்ள பிரியத்தில் பெரியவர்கள் கட்டிய கதையா? விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு ஊரையே வாய் பிளக்க வைத்தது. கேள்வி கேட்டால் விடைக்கு ஏற்றபடி குளம்பால் தரையைத் தட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ரகசியத்தை உடைத்தார். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. கேள்வி கேட்பவர், சரியான எண் வந்ததும் தன்னை அறியாமல் தலையை இம்மி அசைப்பார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸும் தோற்றது. குதிரையின் பெருமை போயிற்று என்று அன்று பலர் நினைத்தார்கள். மனிதனுக்கே தெரியாத மனித அசைவைப் படித்ததும் ஒரு மேதைமைதான் என்று ஒப்புக்கொள்ளக் காலம் பிடித்தது.

அதற்குப் பிந்தைய ஆய்வுகள் குதிரையின் பக்கமே சாய்கின்றன. 2016இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோபமான மனித முகத்தையும் சிரித்த முகத்தையும் புகைப்படத்தில் பார்த்தே குதிரைகள் பிரித்தறிகின்றன என்று காட்டினார்கள். கோப முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத் துடிப்பு விரைவாகக் கூடியது. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு, காலையில் புகைப்படத்தில் கோபமாகப் பார்த்த ஆளைச் சில மணி நேரம் கழித்து நேரில் கண்டபோதும் குதிரைகள் எச்சரிக்கையோடு நடந்துகொண்டதைப் பதிவு செய்தது. அதே 2016இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சுவாரசியம். எட்டாத வாளியில் கேரட்டை ஒளித்து வைத்தார்கள். பராமரிப்பாளருக்கு அது தெரியாத நேரத்தில், குதிரைகள் அவரை அதிகம் பார்த்தும் தொட்டும் உரசியும் 'கொஞ்சம் கவனியுங்கள்' என்று கேட்டன. அவருக்குத் தெரிந்திருந்தபோது அவ்வளவு மெனக்கெடவில்லை. எதிராளிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை ஓரளவு கணிக்கும் திறன் இது. சேணத்தில் இருப்பவர் புதியவர் என்று கண்டுகொள்வதும் இதே ரகம்தான்.

2024இல் பிரிட்டனின் நாட்டிங்காம் டிரெண்ட் பல்கலைக்கழகம் 20 குதிரைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தது. அட்டையை மூக்கால் தொட்டால் தீனி. பிறகு விதி மாறியது. விளக்கு எரியும்போது தொட்டால் தீனி கிடையாது. குதிரைகள் கவலைப்படாமல் தொட்டுக்கொண்டே இருந்தன. விதி புரியவில்லை போலும் என்று தோன்றியது. பிறகு, தவறாகத் தொட்டால் பத்து விநாடி ஆட்டத்திலிருந்து விலக்கு என்று தண்டனை வைத்தார்கள். சட்டென்று தவறுகள் குறைந்துவிட்டன. அதாவது விதி முதலிலேயே புரிந்திருக்கிறது. நஷ்டம் இல்லாதவரை அதை மதிப்பானேன் என்று இருந்திருக்கின்றன. இந்த முடிவைக் கேட்டு எந்தக் குதிரைக்காரரும் ஆச்சரியப்படமாட்டார்.

மாத்தேரான் இந்தக் குதிரைகளைச் சார்ந்து வளர்ந்த ஊர். மராத்தியில் 'தலைமேல் காடு' என்று பொருள்படும் பெயர். சுமார் 800 மீட்டர் உயரம். 1850இல் தாணே கலெக்டராக இருந்த ஹியூ பாய்ன்ட்ஸ் மேலட் இந்த மலையைக் 'கண்டுபிடித்து' வெயில்காலப் புகலிடமாக்கினார். 1907இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தின் முயற்சியில் நேரலிலிருந்து குறுகிய ரயில் பாதை வந்தது. மோட்டார் வண்டி மட்டும் வரவில்லை. வரவிடவில்லை. 2003இல் மத்திய அரசு இதைச் சுற்றுச்சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவித்தது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. ஹாரன் சத்தமும் புகையும் இல்லாத செம்மண் பாதை, மரநிழல், குளம்பொலி. இதைத்தான் மாத்தேரான் விற்று வாழ்கிறது.

ஆனால் அதே தடை ஊர்க்காரர்களுக்குச் சுமையும்கூட. நோயாளிகள், முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் மேடும் பள்ளமுமான பாதையில் நடக்க வேண்டியிருந்தது, அல்லது மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவில் போக வேண்டியிருந்தது. உரிமம் பெற்ற 94 கைரிக்ஷாக்கள் இருந்தன. ஒரு மனிதன் இழுக்க, இருவர் தள்ள, நாலாவது ஆள் உட்கார்ந்திருக்கும் காட்சி. உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் பேட்டரி ரிக்ஷாக்களைச் சோதனை முறையில் ஓட்ட அனுமதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவை ஓடத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதனை மனிதன் இழுப்பது மனித கண்ணியத்துக்கு விரோதம் என்று கூறி, ஆறு மாதத்தில் கைரிக்ஷாவை ஒழிக்க உத்தரவிட்டது. இழுத்தவர்களுக்கே பேட்டரி ரிக்ஷா கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

ரிக்ஷா இழுத்தவர்களுக்கு விடிவு. ஆனால் குதிரைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. பயணிகளை ஏற்றும் குதிரைகள் சுமார் 460. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம், பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்டது. தஸ்தூரியிலிருந்து கடைவீதி வரையிலான இரண்டு சொச்சம் கிலோமீட்டர்தான் அவர்களுக்கு நிச்சய வருமானம். பேட்டரி ரிக்ஷாவும் அதே பாதையில்தான் போகிறது, குறைந்த கட்டணத்தில். குதிரைக்காரர்களின் அமைப்புகள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. 2022 அனுமதியை மாற்றும்படி கேட்டன.

அடுத்த சண்டை பாதையைப் பற்றியது. மழையில் செம்மண் அரித்துப் போவதைத் தடுக்கப் பாவுகற்கள் பதிக்கப்பட்டன. சக்கரத்துக்கு அது சுகம். இரும்பு லாடம் அடித்த குளம்புக்கு வழுக்கல். மென்மையான மண்ணில் குளம்பு புதைந்து பிடிப்புக் கொள்ளும். கெட்டியான தளத்தில், அதுவும் மழை ஈரத்தில், சறுக்கும். 2025 தீர்ப்பு இருதரப்புக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரை பாவுகல் இருக்கலாம், உட்பாதைகளிலும் மலையேற்றத் தடங்களிலும் கூடாது. எக்கோ பாயின்ட், லூயிசா பாயின்ட், சார்லட் ஏரி என்று காடு வழியே போகும் தடங்கள் இன்னும் குளம்புக்கே சொந்தம் என்பது குதிரைக்காரர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

அவர்கள்மீதும் புகார்கள் இல்லாமல் இல்லை. ரயில் இல்லை, ரிக்ஷா இல்லை என்று பொய் சொல்லிப் பயணிகளைக் குதிரையில் ஏற்றி அதிகக் கட்டணம் வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2025 மார்ச்சில் ஊரே கடையடைப்பில் இறங்கியது. லத்தி மண்டிய பாதை, மழையில் அது ஓடைக்குள் கலப்பது என்பதும் சூழலியலாளர்களின் கவலை. மறுபக்கம், குதிரையைச் 'சுவிட்ச் ஆஃப்' செய்து ஓரமாக நிறுத்திவிட முடியாது. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ உலர்தீவனம் தின்னும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் வரைகூட உயிர்வாழும். 2020 கொரோனா ஊரடங்கில் சுற்றுலா அடியோடு நின்றபோது மாத்தேரான் குதிரைகள் தீவனமின்றித் தவித்தன. தொண்டு நிறுவனங்கள் அனுப்பிய மூட்டைகள்தான் காப்பாற்றின.

நாடு முழுவதிலும் போக்கு இதுதான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல். 2019இல் 3.4 லட்சம். ஏழே ஆண்டில் ஏறத்தாழ 45 சதவீதம் காணாமல் போயிருக்கிறது. மும்பைக் கடற்கரைச் சாலையின் அலங்காரமாக இருந்த விக்டோரியா குதிரை வண்டிகளை 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்று அறிவித்தது. உலகத்துக்குப் போலோ விளையாட்டைக் கொடுத்த மணிப்புரி மட்டக்குதிரை 2003இல் 1,898 இருந்தது. 2012இல் 1,101. மேய்ச்சல் சதுப்பு நிலம் சுருங்க, இம்பால் தெருக்களில் குப்பையைக் கிளறும் நிலைக்கு அது வந்தது. வேலை போன மிருகத்தை வைத்துக் காப்பாற்ற யாருக்கும் கட்டுப்படியாவதில்லை.

வேலை இருக்கும் குதிரையின் பாடும் எப்போதும் கொண்டாட்டம் அல்ல. பிள்ளைகள் குறும்பு என்று சிரிப்பதில் ஒரு பகுதி வலியாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பட்டை கட்டும்போது காதை மடக்கிக் கடிக்க வருவது திமிர் மட்டுமல்ல, சேணம் உராய்ந்த புண்ணோ வயிற்றுப் புண்ணோ காரணமாகலாம். நடக்க மறுப்பது சோம்பல் மட்டுமல்ல, லாடம் தளர்ந்திருக்கலாம், குளம்பில் கல் சிக்கியிருக்கலாம். ஓயாமல் தலையை உதறுவது, கடிவாளத்தின் இரும்பு வாயை அறுப்பதன் அறிகுறியாக இருக்கலாம். உண்மையான குறும்புக்கார மட்டக்குதிரைக்குக் காது முன்னோக்கி நிற்கும், கண் மிருதுவாக இருக்கும். துன்பப்படும் குதிரைக்குக் காது பின்னால் ஒட்டியிருக்கும், மூக்குத் துளை இறுகியிருக்கும்.

விடுமுறைக்குப் போகும் பெற்றோர் இதைக் கவனிப்பது குதிரைக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரைக்குச் சேணத்தையும் சேர்த்து 50 கிலோ. பத்து வயதுப் பெண்ணுக்குச் சரி, தொப்பை போட்ட தகப்பனாருக்குச் சரியல்ல. அவர் பெரிய குதிரையைத் தேட வேண்டும், அல்லது நடக்க வேண்டும். பிள்ளைக்குத் தலைக்கவசம் கேளுங்கள். அங்கவடிக்குள் காலின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். முழுக் காலும் நுழைந்துவிட்டால் விழும்போது சிக்கிக்கொள்ளும். கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரைக்குப் பின்பக்கமாகப் போய் நிற்கக் கூடாது. வெல்லம் கொடுப்பதானால் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துக் கொடுக்க வேண்டும். விரல் நுனியில் நீட்டினால் விரலும் வெல்லமும் குதிரைக்கு ஒன்றுதான்.

அடுக்குமாடியில் வளரும் பிள்ளை, தன் சொல்லைக் கேட்க மறுக்கும் ஓர் உயிரை அநேகமாக முதல்முறையாகச் சந்திப்பது இந்தச் சேணத்தில்தான். பொம்மைக்குச் சாவி கொடுத்தால் ஓடும். மட்டக்குதிரையிடம் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், அது இணங்கியதும் கழுத்தில் தட்டிக் கொடுக்க வேண்டும். கத்தினால் நடக்காது. அழுதாலும் நடக்காது. இரண்டு மூன்று நாளில் பிள்ளை இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஊர் திரும்பும்போது மலையை மறந்துவிட்டு, குதிரையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறது.

மூட்டுவலிக்காரப் பாட்டிக்கும் பள்ளிக்குப் போகும் மாத்தேரான் சிறுமிக்கும் பேட்டரி ரிக்ஷா தேவை. அதை மறுக்க யாருக்கும் நியாயமில்லை. கேள்வி, காட்டுத் தடங்களில் மட்டும் சவாரி என்று ஆனால் 460 குதிரைகளுக்கும் அது சோறு போடுமா என்பதுதான். நிர்ணயித்த கட்டணம், வயதும் எடையும் பார்த்த உரிமம், ஒழுங்கான கால்நடை மருத்துவம், மழைக்காலத் தீவனத்துக்கு ஓர் ஏற்பாடு. இவை இருந்தால் குறைந்த எண்ணிக்கையிலாவது நல்ல நிலையில் குதிரைகள் நிலைக்கும். இல்லாவிட்டால் விக்டோரியா வண்டியின் வழியில் இவையும் புகைப்படத்துக்குள் போய்விடும்.

தற்போதைக்கு மட்டக்குதிரைக்கு இந்த வழக்கு விவகாரம் எதுவும் எட்டவில்லை. பாவுகல் பாதையில் ரிக்ஷா சத்தமின்றி முந்திப் போகும்போது ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்புகிறது. மறு காது, குதிரைக்காரர் இன்னும் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கவனிக்கவில்லை என்றால், ஓரத்தில் புல் இருக்கிறது.